கழற்ற முன்னம் கேள்

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை. காலைத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெறாமகன் அழைத்தான்.

“பெரியப்பா, புல்லு வெட்டுற மிசின் ஸ்டார்ட் வருகுதில்லை. புதுப் பற்றரி வாங்கிப் போட்டிட்டன். பிளக்கும் மாத்திட்டன். காபரேற்றர் நேற்று வந்து சேர்ந்திட்டுது. இனி ஸ்டார்ட்டர் மோட்டரையும் ஓடர் பண்ணட்டோ?”

“திறப்பைத் திருப்பேக்கை என்ன சத்தம் வருகுது?”

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அதைக் கவனிக்கேல்லை பெரியப்பா” என்றான்.

கெட்டிக்காரப் பிள்ளை. வயது 32. கணினித் துறையில் நல்ல வேலை. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் இரண்டு ஏக்கர் காணியோடு ஒரு வீடு வாங்கியிருக்கிறான். அவ்வளவு புல்லைத் தள்ளுமிசினால் வெட்டி முடியாது. ஏறி இருந்து ஓட்டுகிற மிசின்தான் வேண்டும். ஒன்ராறியோவில் வைகாசி பிறந்தால் புல் ஒரு கிழமை விட்டால் முழங்காலைப் பார்க்கும். அவன் மூன்று கிழமையாய் முன்னூறு டொலருக்கு மேல் செலவழித்திருந்தான். அந்த மூன்று கிழமையில் மிசின் என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் வயதில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனில்லை. ஆனால் ஓடாத மிசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தே ஐம்பது வருடத்துக்குக் கிட்டப் போக்கியவன். அங்கே படித்தது ஒன்றுதான்: கழற்ற முன்னம் கேட்க வேண்டும். அதை உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நான் 1972இல் தொழில் பழகப் போனேன். பதினான்கு வயது. நீர்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கராச். அப்போது வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்ததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல காலம். துலா மிதித்து இறைத்த காலம் மெல்லப் போய், கிணற்றுக்குக் கிணறு இறைப்பு மிசின் வந்துகொண்டிருந்தது. பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற சின்ன எஞ்சின்கள். மண்ணெண்ணெய் மலிவு. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது, பற்றாது. அதனால் மிசினில் இரண்டு தாங்கி இருக்கும். சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய்.

விடியப்புறம் நாலு மணிக்கு யாராவது சைக்கிளில் வந்து படலையைத் தட்டுவார்கள். “மிசின் ஏலாதாம். தறை காயுது.” எங்கள் பெரியவர் — தொழில் பழக்கியவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு புறப்படுவார். வேலைச் சாமான்கள் எல்லாம் என் சைக்கிள் கரியரில். கிணற்றடிக்குப் போனால் அவர் மிசினைத் தொடமாட்டார். கிணற்றுக் கட்டில் இருப்பார். தோட்டக்காரரைப் பார்த்துக் கேட்கத் தொடங்குவார்.

“நேற்று ஓடினதோ?”

“ஓம்.”

“தானாய் நிண்டதோ, நீர் நிப்பாட்டினதோ?”

“தானாய்த்தான் நிண்டது.”

“டக்கெண்டு நிண்டதோ, இருமி இருமி நிண்டதோ?”

“இருமித்தான்.”

“அதுக்குப் பிறகு ஆர் கை வைச்சது?”

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வரத் தாமதிக்கும். மச்சான் வந்து பார்த்தவர், பக்கத்துத் தோட்டத்துப் பெடியன் எதையோ முறுக்கினவன் என்று மெல்ல மெல்ல வெளியே வரும். பெரியவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார். முக்கால்வாசி நேரம், எழும்பும்போதே அவருக்கு விசயம் தெரிந்திருக்கும்.

டக்கென்று நின்றால் பெரும்பாலும் தீப்பொறி அறுந்திருக்கும். இருமி நின்றால் எண்ணெய் வந்து சேரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு பதில் பாதி மிசினைக் கழற்றுகிற வேலையை மிச்சப்படுத்திவிடும்.

எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை. சாவியைக் கையில் எடுத்தால்தான் வேலை என்று நினைக்கிற வயது. ஒருநாள் பெரியவருக்குக் காய்ச்சல். என்னைத் தனியே அனுப்பினார். நான் போன உடனேயே காபரேற்றரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஜெட் கை தவறிச் செம்பாட்டு மண்ணில் விழுந்தது. பித்தளையில் செய்த, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய சாமான். நடுவில் ஊசித் துவாரம். தோட்டக்காரரின் மனைவி வீட்டிலிருந்து மாவரிதட்டு எடுத்து வந்து தந்தார். மத்தியானம் மட்டும் அந்தச் சிவப்பு மண்ணை அரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத் தாள்கள் வெயிலில் சாய்ந்துகொண்டிருந்தன. ஜெட் கிடைத்தது. பூட்டினேன். மிசின் வரவில்லை. பிறகுதான் கவனித்தேன், பெற்றோல் தாங்கியின் டப் பூட்டிக் கிடந்தது. தோட்டக்காரரின் சின்ன மகன் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தான். அதைத் திறந்துவிட்டதும் முதல் இழுவையிலேயே வந்தது.

அந்த மனிதர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. காசும் தந்தார். அந்தக் காசை வாங்கிய கை இப்போதும் எனக்கு நினைவில் கூசுகிறது.

பெறாமகன் வீட்டுக்கு வருகிறேன்.

மிசின் கராச்சுக்கு முன்னால் நின்றது. பதினெட்டுக் குதிரைவலு, ஒற்றைச் சிலிண்டர், 12 வோல்ட் பற்றரி. “ஏறி இரு. எப்பவும் செய்யிறமாதிரிச் செய்” என்றேன். ஏறினான், மிதியை மிதித்தான், திறப்பைத் திருப்பினான். முன்விளக்கு எரிந்தது. அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. ‘டிக்’ என்றுகூட இல்லை.

சத்தம் இல்லாததும் ஒரு பதில்தான். ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு வழிக்குக் கூட்டிக்கொண்டு போகும். திறப்பைத் திருப்ப ‘டிக் டிக் டிக் டிக்’ என்று வேகமாய் அடித்தால் பற்றரியில் வலு இல்லை. நிறைந்த பற்றரி மீற்றரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12க்கு வந்துவிட்டால் அது கிட்டத்தட்ட வெறும் பெட்டி. ஒரேயொரு கனத்த ‘டக்’ கேட்டு நின்றால், ஸ்டார்ட்டர் மோட்டருக்கு மின்னைத் தொடுத்துவிடுகிற சொலினொயிட் வேலை செய்யப் பார்க்கிறது, ஆனால் மோட்டருக்குப் போதிய மின் போகவில்லை. அப்போது பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து விட்டால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். கழற்றும்போது கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். அந்தக் கறுப்பு வயர் மிசினின் இரும்பில் போய்ப் பிடிக்கிற இடத்தையும் பாருங்கள். அந்தப் போல்ட் துருப்பிடித்து, நல்ல பற்றரியைக் குற்றவாளியாக்கி எறிந்த வீடுகள் எனக்குப் பல தெரியும்.

இன்னொரு சத்தம் இருக்கிறது. எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, ஏதோ சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். எல்லோரும் பற்றரி என்பார்கள், ஸ்டார்ட்டர் என்பார்கள். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் அது வால்வு இடைவெளி. இப்படியான எஞ்சின்களில் ஸ்டார்ட் எடுக்கும்போது அமுக்கத்தைக் கொஞ்சம் கசியவிட ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. வால்வுக்கும் அதை அமத்துகிற கைக்கும் நடுவில் ஒரு கடுதாசித் தடிப்புக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அது கூடிவிட்டால் அந்த ஏற்பாடு வால்வைத் திறக்காது. மோட்டர் முழு அமுக்கத்தோடும் மல்லுக்கட்டித் தோற்றுப்போகும். மூடியைக் கழற்றி, இடைவெளியை மட்டம் பார்த்து முறுக்கினால் ஒரு மணித்தியால வேலை. மூடிக்கு ஒரு கஸ்கெற் செலவு. இதற்கு ஸ்டார்ட்டர் மோட்டர் மாற்றியவர்களை எண்ணி முடியாது.

எங்களுக்குக் கிடைத்தது இவை ஒன்றுமில்லை. விளக்கு நன்றாக எரிகிறது. ஆகவே பற்றரியில் வலு இருக்கிறது. ‘டிக்’ இல்லை, ஆகவே திறப்புக்கும் சொலினொயிட்டுக்கும் நடுவில் எங்கோ பாதை மூடிக் கிடக்கிறது. அந்தப் பாதையில் சும்மா வயர் மட்டும் இல்லை, காவலாளிகளும் இருக்கிறார்கள். பிறேக் மிதியை முழுதாய் மிதித்தால்தான் ஒரு சுவிற்ச் வழி விடும். வெட்டுகிற பிளேட்டை நிறுத்தி வைத்திருந்தால்தான் இன்னொரு சுவிற்ச் வழி விடும். இருக்கைக்குக் கீழும் ஒன்று இருக்கிறது. ஆள் எழும்பினால் பிளேட் சுற்றாமல் நிறுத்துவது அது.

“மிதிக்குக் கீழே கையை விட்டுப் பார். முதல்ல திறப்பைக் கழற்று. பிளக் வயரையும் இழுத்து விடு.”

குனிந்து கை விட்டான். “என்னமோ கல்லுமாதிரி இருக்குது பெரியப்பா.”

கல் இல்லை, புல். போன வருடம் முழுக்க வெட்டிய ஈரப்புல் அங்கே ஒட்டி, காய்ந்து, மேலே இன்னும் ஒட்டி, உமியும் சாணமும் குழைத்துச் சுட்ட கட்டிபோல் இறுகியிருந்தது. திருப்புளியால் கிண்டிக் கிண்டி எடுத்தோம். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு ஒரு கறுப்புப் பொத்தான். மிதி இறங்கும்போது அதை அமத்த வேண்டும். புல்லுக்கட்டி நடுவில் நின்றதால் மிதி முழுதாய் இறங்கவில்லை. பொத்தான் கடைசி அரை அங்குலம் அமத்துப்படவில்லை. அவன் மிதித்துக்கொண்டுதான் இருந்தான். மிசினுக்கு அது தெரியவில்லை.

துடைத்துவிட்டுப் பிளக் வயரைப் பூட்டித் திறப்பைத் திருப்பினான். எஞ்சின் ‘கிர்ர்ர்’ என்று சுற்றியது. அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் சுற்றியதே தவிரப் பற்றவில்லை.

அதற்கு முன் ஒரு விசயம். பொத்தானைக் கண்டதும் அவன் கைத்தொலைபேசியை எடுத்தான். “இந்த மிதிச் சுவிற்சையும் சீற்றுக்குக் கீழ இருக்கிறதையும் ஒரு துண்டு வயரால இணைச்சு விட்டால் இனி இந்தக் கரைச்சலே வராதாம் பெரியப்பா. வீடியோ இருக்குது.”

நான் அவனைக் கோபித்தது அந்த நாளில் அப்போது ஒருக்கால்தான். சத்தம் போட்டே சொன்னேன்: “உன்ர வீட்டில அஞ்சு வயசுப் பிள்ளை இருக்கு.”

அந்தக் காவலாளிகளை யாரும் வீம்புக்கு வைக்கவில்லை. தகப்பன் மிசினில் இருந்து பின்னுக்கு எடுக்கும்போது, அந்தச் சத்தத்தில் தன் பின்னால் பிள்ளை ஓடிவந்தது தெரியாது. இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் ஒவ்வொரு கோடையிலும் இப்படிக் கால் இழந்த பிள்ளைகள் வருகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: 16 வயதுக்குக் கீழே யாரும் இந்த மிசினை ஓட்டக் கூடாது, மடியில் வைத்துப் பிள்ளையை ஏற்றவே கூடாது, 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் புல் வெட்டும்போது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சுவிற்ச் பழுதானால் புதுச் சுவிற்ச் பூட்டுங்கள். வழி மறிக்கிறது என்பதற்காகக் காவலாளியைக் கொல்லாதீர்கள். வாழ்க்கையிலும் உங்களை மறிக்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். அம்மாவாய் இருக்கலாம், கூடப் படித்தவனாய் இருக்கலாம். எதற்காக மறிக்கிறார்கள் என்று கேட்க முன்னம் அவர்களை வெட்டி விடாதீர்கள்.

சரி, சுற்றுகிறது, பற்றவில்லை. இனிக் கேள்வி வேறு. எஞ்சின் பற்ற மூன்று சாமான் வேண்டும்: எண்ணெய், காற்று, தீப்பொறி. நான் அவனிடம் கேட்டேன், “தாங்கிக்குள்ள இருக்கிறது எந்த மாசத்துப் பெற்றோல்?”

“ஐப்பசியில அடிச்சது. பாதிக்கு மேல கிடக்குது பெரியப்பா, வீணாக்காமல்...”

எஞ்சின் குளிர்ந்திருந்தது. திறந்த வெளியில் வைத்து, குழாயைக் கழற்றிக் கொஞ்சத்தை ஒரு பழப்பாகு போத்தலில் பிடித்தோம். அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். புதுப் பெற்றோல் வெளிர் மஞ்சளாய், கூர்மையான மணத்தோடு இருக்கும். இது கடுந்தேத்தண்ணீர் நிறம். மணம் பழைய வார்னிஷ் டப்பாவினுடையது. போத்தலின் அடியில், கீழே ஒட்டினாற்போல் இன்னொரு திரவம் உருண்டு உருண்டு திரிந்தது. தண்ணீர்.

இங்கே சாதாரணப் பெற்றோலில் சுமார் 10 வீதம் எதனோல் கலந்திருக்கும். எதனோல் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். தாங்கியின் அடியிலிருந்துதான் எஞ்சினுக்குக் குழாய் போகிறது. ஆகவே முதலில் போய்ச் சேருவது அதுதான். மிச்சப் பெற்றோலில் இலேசானதெல்லாம் ஆவியாகிப் போக, பிசின் மாதிரி ஒன்று காபரேற்றருக்குள் படியும். ஊசித் துவாரம் அடைபட வேறு என்ன வேண்டும்?

இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. அந்தப் புதுக் காபரேற்றரை அவன் பூட்டியிருந்தால், இதே கெட்ட பெற்றோல் அதற்குள்ளும் போயிருக்கும். அதுவும் ஸ்டார்ட் வந்திராது. “புதுக் காபரேற்றரும் பழுது” என்று கடைக்காரரோடு சண்டை பிடித்திருப்பான்.

பழையதின் கிண்ணத்தை மட்டும் கழற்றினோம். அடியில் ஒரே போல்ட். ஜெட்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன். நீர்வேலியில் நான் மண்ணுக்குள் தொலைத்த அதே சாமான், அதே பித்தளை. சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் தெரியவில்லை. மின்வயரில் இருந்து ஒரு மெல்லிய செப்பிழையை உருவி, துவாரத்தைப் பெருக்காமல் மெல்ல விட்டு எடுத்தோம். திரும்பப் பிடித்தான். “இப்ப தெரியுது” என்றான், ஒரு புள்ளி வெளிச்சத்தைப் பார்த்து.

தாங்கியை முழுதாய் வெறுமையாக்கிப் புதுப் பெற்றோல் விட்டோம். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை ஒரு இருமல். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. பின்னால் கொஞ்சம் நீலப்புகை, பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு பழுது ஒரே நேரத்தில் இருந்ததைக் கவனியுங்கள். இளம் பிள்ளைகள் இதில்தான் உடைந்துபோகிறார்கள். ஒன்றைக் கண்டுபிடித்துச் சரி செய்கிறார்கள். மிசின் இன்னும் வரவில்லை. “நான் செய்ததும் பிழை” என்று எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள். முதலாவது சரியானதால்தான் இரண்டாவது தெரியவந்தது. பேசாமல் கிடந்த மிசின் ‘கிர்ர்’ என்றதே, அது முன்னேற்றம் இல்லையா?

நானும் கேட்காமல் கழற்றி எறிந்த காலம் ஒன்று உண்டு. அது மிசின் இல்லை, என் வாழ்க்கை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. பெற்றோல் தங்கம்போல். பற்றரி வரவிடமாட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் நாலு துளி பெற்றோலில் பற்றவைத்து மண்ணெண்ணெயில் ஓடின. பழைய ஒஸ்டின் கார்களும் மொரிஸ் மைனர்களும் அப்படியே. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் கராச்சில் ஒரு புதுச் சாமான் வாங்கவில்லை. வாங்கக் கிடையாது. அதனால் ஒவ்வொரு மிசினையும் கேட்டுக் கேட்டுத்தான் ஓட வைத்தோம். குத்துமதிப்புக்கு இடமே இல்லை. பிழையாய்க் கழற்றி ஒரு கஸ்கெற் கிழிந்தால் அதோடு அந்தத் தோட்டம் போச்சு. இப்போது நினைக்கிறேன், கிடைக்காமை எங்களுக்குப் பொறுமையைத் தந்தது. இங்கே இரவு பொத்தானை அமத்தினால் விடியச் சாமான் வாசலில். பிள்ளைகள் கேட்காமல் விடுவதற்கு அதுதான் காரணம். அவர்களுடைய புத்தியில் குறையில்லை.

நான் 1995 தொடக்கத்தில் கனடாவுக்கு வந்தேன். அந்த வருடம் ஐப்பசி 30ஆம் திகதி, சண்டைக்குத் தப்பி, வலிகாமத்துச் சனம் முழுதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்து போனது. அதில் என் அம்மாவும் ஒருத்தி. மூன்று மாதம் அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்த மாரியில் நான் மூன்று தொழிற்சாலை மாறினேன். முதலாவதில் மேற்பார்வையாளர் சரியில்லை என்றேன். இரண்டாவதில் வேலை பாரம் என்றேன். மூன்றாவதில் கூட வேலை செய்தவர்களோடு சண்டை. ஊரை மாற்றி வன்கூவருக்குப் போவோம் என்று வெளிக்கிட்டேன். என் மனைவி கேட்டது ஒரு கேள்விதான்.

“இரவில எத்தினை மணித்தியாலம் நித்திரை கொள்ளுறியள்?”

இரண்டு, இல்லாவிட்டால் மூன்று. மிச்ச நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தொழிற்சாலையில் ஒரு குறையும் இல்லை. கெட்ட பெற்றோலோடு மூன்று காபரேற்றர் மாற்றியிருந்தேன். அன்றிரவுதான் அம்மாவுக்காக முதன்முதலில் வாய்விட்டு அழுதேன். மூன்றாவது தொழிற்சாலையில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்ந்து பத்தொன்பது வருடம் வேலை செய்தேன்.

ஆகவே பிள்ளைகளே, வேலை பிடிக்கவில்லை, படிப்பு ஏறவில்லை, கட்டினவரோடு ஒத்துவரவில்லை என்று நீங்கள் வந்து சொல்லும்போது, நான் ஆறுதல் சொல்லாமல் அலுப்புத் தருகிற கேள்விகள் கேட்டால் கோபிக்க வேண்டாம். எப்போதிருந்து? டக்கென்று நின்றதோ, இருமி நின்றதோ? அதற்குப் பிறகு யார் கை வைத்தது? சாப்பிட்டீர்களா, நித்திரை கொண்டீர்களா? மலிவான கேள்வியை முதலில் கேட்பதுதான் முறை. டப் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சதமும் செலவில்லை.

இன்னொரு பழக்கமும் அந்த மண்ணெண்ணெய் மிசினிடம் படித்தது. நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்கும். அடுத்தநாள் விடிய எவ்வளவு இழுத்தும் வராது. நாளைய ஸ்டார்ட் இன்றைய நிறுத்தத்தில் இருந்தது. பெறாமகனுக்கும் அதையே சொன்னேன். கடைசிப் புல் வெட்டியதும் தாங்கியைப் புதுப் பெற்றோலால் நிரப்பி, அது பழுதாகாமல் வைக்கிற மருந்தை அளந்து விட்டு, காபரேற்றர் வரை போய்ச் சேரப் பத்து நிமிடம் ஓட விடு. மிதிக்குக் கீழும் பிளேட் மூடியிலும் ஒட்டிய புல்லைச் சுரண்டு. பற்றரியைக் கழற்றி உள்ளே வை. எஞ்சின் மூடிக்குள் எலி கூடு கட்டாமல் பார். குளிருக்கு ஒதுங்கி வந்து வயரைக் கடித்துவிடும்.

ஐப்பசியில் அவன் இதையெல்லாம் தானே செய்தான். செய்து முடித்துவிட்டுத்தான் என்னை அழைத்தான். காபரேற்றரைப் பெட்டி பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தான். ஸ்டார்ட்டர் மோட்டர் வாங்கவேயில்லை. மகள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றுதான் பார்த்தாளாம்.

இதை வாசிக்கிற யாருடைய வீட்டிலாவது, கரைச்சல் என்று இருக்கைச் சுவிற்சையோ மிதிச் சுவிற்சையோ வயரால் இணைத்து வைத்திருந்தால், அந்த வயரை இன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டுப் புதுச் சுவிற்ச் வாங்கிப் பூட்டுங்கள்.